2017-இல் வாங்கிய இரண்டு கம்ப்யூட்டர்கள்

'பால்டர்ஸ் கேட் 3' ஆடியவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். 2023 ஆகஸ்டில் வெளியான இந்த கேமின் முதல் இரண்டு அங்கங்களில் காடு வரும், பாதாளம் வரும், சாபம் பிடித்த இருண்ட நிலம் வரும். பழைய கம்ப்யூட்டரும் பெரிய குறையில்லாமல் ஓட்டிவிடும். மூன்றாம் அங்கத்தில் கதை நகரத்துக்குள் போகிறது. லோயர் சிட்டி தெருக்களில் வியாபாரிகள், காவலர்கள், பிச்சைக்காரர்கள் எனக் கூட்டம் நெரியும். ஆளுக்கொரு பாதை, ஆளுக்கொரு வேலை. அங்கே கால் வைத்ததும் அதுவரை வழுக்கிக்கொண்டு போன படம் திக்கத் தொடங்கும். கேமராவைத் திருப்பினால் ஒரு இழுப்பு, நாலடி ஓடினால் ஒரு தடக்.

ஆடுகிறவர் முதலில் சந்தேகப்படுவது கிராஃபிக்ஸ் கார்டைத்தான். செட்டிங்ஸுக்குள் போய் அல்ட்ராவை ஹை ஆக்குவார், ஹையை மீடியம் ஆக்குவார், கடைசியில் நிழல், புல், தண்ணீர் எல்லாவற்றையும் லோவுக்கு இறக்கிவிடுவார். படத்தின் அழகு போய்விடும். திக்கல் மட்டும் அப்படியே இருக்கும். அந்த நேரத்தில்தான் ப்ராசஸரின் நினைவு வருகிறது. மாற்ற வேண்டுமா? அதை மட்டும் மாற்றினால் போதுமா, பெட்டியோடு மாற்ற வேண்டுமா?

பதிலில் பாதி அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். மீதிப் பாதி, மதர்போர்டு வாங்கிய நாளிலேயே ஏறக்குறைய முடிவாகிவிட்ட விஷயம். இரண்டையும் பார்ப்போம். முதலில் அளப்பது.

திரையில் விநாடிக்கு 60 ஃப்ரேம் வர வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர் அதை முழுதாக அனுபவிக்க நினைத்தால் 6.9 மில்லி விநாடிதான். அதற்குள் இரண்டு பேர் வேலை செய்தாக வேண்டும். எந்த பட்டன் அழுத்தப்பட்டது, எதிரி எந்தப் பக்கம் திரும்புகிறான், உருண்டு வரும் பீப்பாய் எதில் முட்டும் என்று அந்த உலகத்தின் கணக்கையெல்லாம் ப்ராசஸர் போடுகிறது. பிறகு, வரைய வேண்டியவற்றின் நீண்ட பட்டியலை கிராஃபிக்ஸ் கார்டிடம் நீட்டுகிறது. கார்டு வரைகிறது. கார்டு இந்த ஃப்ரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே ப்ராசஸர் அடுத்த ஃப்ரேமின் கணக்கில் இறங்கிவிடும். இருவரில் யார் மெதுவோ, அவர் வேகம்தான் திரையின் வேகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லோயர் சிட்டியில் ஒரு ஃப்ரேமுக்கு ப்ராசஸர் 22 மில்லி விநாடி எடுக்கிறது, கார்டு 10 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 45 ஃப்ரேம் வரும். கார்டு ஒவ்வொரு ஃப்ரேமிலும் 12 மில்லி விநாடி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இப்போது செட்டிங்ஸை லோவுக்கு இறக்கினால் கார்டின் 10 என்பது 6 ஆகும். ப்ராசஸரின் 22 இம்மியும் அசையாது. திரையில் அதே 45. மேலே சொன்னவர் எல்லாவற்றையும் குறைத்தும் பலன் காணாததற்குக் காரணம் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்களைக் காட்டும். இன்டெல் வெளியிட்ட பிரசென்ட்மான் இன்னும் நுணுக்கமாகச் சொல்லும். வி-சிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, எந்த இடத்தில் திக்குகிறதோ அதே இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். வெட்டவெளியில் நின்று அளப்பதில் பயனில்லை. கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97, 98, 99 என்று நின்றால் கார்டுதான் எல்லை. ப்ராசஸரை மாற்றுவது வீண் செலவு. 60, 65 என்று ஊசலாடினால் கார்டு காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு சோதனை: ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குவது. ஃப்ரேம் எண்ணிக்கை ஏறவே இல்லையென்றால் சந்தேகம் தீர்ந்தது.

பலர் ஏமாறும் ஓரிடம் இங்கே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் ப்ராசஸர் 35 சதவீதம் என்று காட்டும். 'பாதிகூட ஓடவில்லையே, ப்ராசஸரில் என்ன குறை இருக்க முடியும்?' என்று தோன்றும். அந்த 35 என்பது, ப்ராசஸர் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகளான பன்னிரண்டு த்ரெட்டுகளின் சராசரி. கேமின் முக்கிய வேலைகள் பெரும்பாலும் ஒரு த்ரெட்டில் வரிசையாக நடக்க வேண்டியவை. எதிரி செத்தானா என்று தெரியாமல் அவன் விழும் காட்சியைத் தயாரிக்க முடியாது. அந்த ஒரு த்ரெட் மூச்சுத் திணறும்போது மற்றவை ஓய்வாக இருக்கலாம். பிரிக்க முடியாத வேலை எவ்வளவு இருக்கிறதோ அதுவே மொத்த வேகத்துக்கும் வரம்பு என்று ஜீன் அம்டால் 1967-இலேயே வாதிட்டார். எட்டு கோர், பதினாறு கோர் என்று எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் ப்ராசஸர் வாங்கக் கூடாது என்பதற்கு அவர் கணக்கு இன்றும் பொருந்துகிறது.

சராசரி ஃப்ரேமையும் முழுதாக நம்ப முடியாது. சராசரி 70 என்று காட்டும் கம்ப்யூட்டரிலும் நடுநடுவே ஒரு ஃப்ரேம் 50 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் கண் அதைப் பிடித்துவிடும். மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகத்தை 'ஒரு சதவீத லோ' என்று தனியாக ஓர் எண்ணாக விமர்சகர்கள் சொல்வது இதற்காகத்தான். ப்ராசஸருக்கு வயதாவது முதலில் அந்த எண்ணில் தெரியும்.

எல்லா கேமுக்கும் இந்தத் தொல்லை கிடையாது; சில கேம்கள்தான் ப்ராசஸரை இப்படித் திணறடிக்கும். 2024 மார்ச்சில் 'டிராகன்ஸ் டாக்மா 2' வெளிவந்தபோது ஊருக்குள் நுழைந்ததும் ஃப்ரேம் சரிகிறது என்ற புகார் குவிந்தது. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ப்ராசஸரின் உழைப்பு நிறையத் தேவைப்படுகிறது என்று கேப்காம் நிறுவனமே விளக்கம் கொடுத்தது. 'சைபர்பங்க் 2077' தன் 2.0 பதிப்புக்காக 2023-இல் குறைந்தபட்சத் தேவையை உயர்த்தியபோது அந்தப் பட்டியலின் அடிவரிசையில் நின்ற ப்ராசஸர் ரைசன் 5 1600. 'ஃபாக்டோரியோ' மாதிரி தொழிற்சாலை கட்டும் கேமிலும், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரிலும் சுமை ப்ராசஸர் மேல்தான். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவர்களுக்கு வேறு கதை. அவற்றை வரைவது கார்டுக்குச் சுலபம்; ஆனால் ஆடுகிறவர் கேட்பது 144, 240 ஃப்ரேம். அவ்வளவு வேகமாகப் பட்டியல் தயாரித்துக் கொடுக்க ப்ராசஸரால் முடிய வேண்டும்.

அளந்தாயிற்று, ப்ராசஸர்தான் எல்லை என்று தெரிந்துவிட்டது. இப்போது மீதிப் பாதிக்கு வருவோம்.

2017-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் கேமிங்குக்காகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்களுக்கு முன்னால் இரண்டு பாதைகள் இருந்தன. ஜனவரியில் இன்டெலின் கோர் ஐ7-7700கே வந்தது. நான்கு கோர், எட்டு த்ரெட், 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம். ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 5 1600 வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், வேகம் 3.6 வரைதான். விலை 219 டாலர். இன்டெலின் சிப்போடு ஒப்பிட்டால் நூறு டாலருக்கு மேல் குறைவு. அன்றைய கேம்களில் 7700கே முந்தியது. விமர்சகர்கள் அதைத்தான் எழுதினார்கள், அதில் தவறும் இல்லை. கேம் மட்டும்தான் முக்கியம் என்றால் 7700கே, வீடியோ எடிட்டிங்கும் வேண்டுமென்றால் ரைசன் என்பதுதான் அன்றைக்குப் பரவலாகச் சொல்லப்பட்ட அறிவுரை.

அந்த அறிவுரையில் யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று இருந்தது: வாங்கும் போர்டின் சாக்கெட்டில் நாளை என்ன வரும்?

இன்டெல் அதே ஆண்டு அக்டோபரில் ஆறு கோர் கொண்ட ஐ7-8700கே-யை வெளியிட்டது. சாக்கெட்டின் பெயர் அதே எல்ஜிஏ1151. ஆனால் இசட்370 வகைப் புது போர்டு இல்லாமல் அது ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். ஜனவரியில் இசட்270 போர்டோடு 7700கே வாங்கியவருக்கு, அந்த போர்டில் அதைவிடச் சிறந்த ப்ராசஸர் பின்னாளில் வரவே இல்லை. பத்து மாதத்தில் பாதை முடிந்துவிட்டது.

ஏஎம்டி பக்கம் வேறு மாதிரி நடந்தது. நடந்தது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது, போராடித்தான் நடந்தது. 1600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை தாங்குவோம் என்று அந்த நிறுவனம் வாக்குக் கொடுத்திருந்தது. 2018-இல் ரைசன் 2000, 2019-இல் 7 நானோமீட்டரில் ரைசன் 3000, எல்லாம் அதே சாக்கெட்டில் வந்தன. 2020 மே 7-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது: அடுத்து வரவிருக்கும் ஜென் 3 ப்ராசஸர்கள் 500 சீரிஸ் போர்டுகளில் மட்டுமே ஓடும். பி450 போர்டு நம்பிக்கையோடு வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். பயாஸ் சிப்பில் இடமில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணங்களில் முக்கியமானது. பல போர்டுகளில் அந்த சிப்பின் கொள்ளளவு 16 எம்பிதான். அத்தனை தலைமுறை ப்ராசஸர்களுக்கான குறிப்புகளையும் அதற்குள் அடைக்க முடியவில்லை. காரணம் பொய்யில்லை. ஆனாலும் வாங்கியவர்கள் விடவில்லை. எதிர்ப்பு வலுத்தபின், பன்னிரண்டே நாளில், மே 19-ஆம் தேதி ஏஎம்டி முடிவை மாற்றிக்கொண்டது. 400 சீரிஸ் போர்டுகளுக்குக் கதவு திறந்தது.

2017-இன் பி350, எக்ஸ்370 போர்டுகள் அப்போதும் வெளியேதான் நின்றன. அவற்றுக்கு அதிகாரபூர்வமாக அனுமதி கிடைத்தது 2022 மார்ச்சில். அடுத்த மாதமே ஜென் 3 வகையான ரைசன் 5 5600-உம் ரைசன் 7 5800எக்ஸ்3டி-யும் விற்பனைக்கு வந்தன. ஐந்தாண்டு பழைய போர்டில் அன்றைய புத்தம் புதிய ப்ராசஸர். 2024 ஜூலையில்கூட அதே சாக்கெட்டுக்கு 5800எக்ஸ்டி, 5900எக்ஸ்டி என்று புதிய சிப்புகள் வெளியாயின. வாங்கியவர்கள் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதவு திறந்திருக்குமா என்பது சந்தேகமே. பழைய போர்டு குப்பைக்குப் போகாமல் காப்பாற்றியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

சரி, 1600-ஐ எடுத்துவிட்டு 5600-ஐ வைத்தால் எவ்வளவு கூடும்? ஏஎம்டியே ஒவ்வொரு தலைமுறைக்கும் சொன்ன எண்களைக் கொண்டு தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரே கடிகார வேகத்தில் செய்யும் வேலை ஜென் பிளஸ்ஸில் (ரைசன் 2000) சுமார் 3 சதவீதம், ஜென் 2-இல் (ரைசன் 3000) 15, ஜென் 3-இல் 19 கூடியது என்பது நிறுவனத்தின் கணக்கு. மூன்றையும் பெருக்கினால் 1.41 மடங்கு. கடிகார வேகம் 3.6-இலிருந்து 4.4-க்கு ஏறியிருக்கிறது, அது 1.22 மடங்கு. மொத்தம் 1.7 மடங்குக்குக் கொஞ்சம் மேலே. ஒரு த்ரெட்டின் வேகத்தில் எழுபது சதவீத ஏற்றம். நிறுவனம் சொல்லும் எண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாலும், அந்த 22 மில்லி விநாடி 14, 15-க்கு இறங்குவது நடக்கக்கூடிய காரியம். 45 ஃப்ரேம் அறுபதைத் தாண்டிவிடும்.

இதில் கேஷ் நினைவகத்தின் பங்கு தனிக் கதை. சமையல் செய்கிறவருக்குக் கடுகு அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் கையை நீட்டினால் போதும். அதில் இல்லையென்றால் அலமாரி. அங்கும் இல்லையென்றால் அடுப்பைத் தணித்துவிட்டு அண்ணாச்சி கடைக்கு நடக்க வேண்டும். ப்ராசஸருக்கு ரேம் என்பது அந்த அண்ணாச்சி கடை. அங்கே போய் வர 80 நானோ விநாடி ஆகிறது என்று வைத்தால், 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ப்ராசஸர் அதற்குள் 320 துடிப்புகளை வெறுமனே கழித்துவிடும். கேமின் தரவுகள் நினைவகத்தில் அங்கங்கே சிதறிக் கிடப்பவை, ஆகவே இந்த நடை அடிக்கடி நேரும். 1600-இல் எல்3 கேஷ் 16 எம்பி. அதுவும் எட்டு எட்டாக இரண்டு கூறு. மூன்று கோருக்கு ஓர் அலமாரி, மற்ற மூன்று கோருக்கு இன்னோர் அலமாரி. 5600-இல் ஆறு கோர்களுக்கும் பொதுவாக ஒரே 32 எம்பி அலமாரி. 5800எக்ஸ்3டி-யில் அந்த 32-இன் தலைமேலேயே இன்னொரு 64 எம்பி சிப்பை ஒட்டி 96 ஆக்கிவிட்டார்கள். கடிகார வேகத்தைக் கூட்டவில்லை. 5800எக்ஸ் 4.7-க்குப் போகும்போது எக்ஸ்3டி 4.5-இலேயே நின்றுவிடும். இருந்தும் பெரும்பாலான கேம்களில் எக்ஸ்3டி-தான் முன்னால் ஓடியது. கடைக்கு நடப்பது குறைந்ததன் பலன் அது. 2024 ஜனவரியில் இதே 96 எம்பியோடு, கொஞ்சம் குறைந்த வேகத்தில், 5700எக்ஸ்3டி 249 டாலருக்கு வந்தது. ஏஎம்4 வைத்திருந்தவர்கள் பலர் அதைத்தான் தேடி வாங்கினார்கள்.

எந்த ப்ராசஸர் யாருக்கு? ஜிடிஎக்ஸ் 1060 மாதிரி பழைய கார்டு வைத்திருப்பவர் எக்ஸ்3டி வாங்குவதில் பொருளில்லை. அவருடைய கார்டு பெரும்பாலான புது கேம்களில் 99 சதவீதத்தில் தவித்துக்கொண்டிருக்கும். முதல் செலவு அங்கேதான். ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்எக்ஸ் 6600 அளவுக்குக் கார்டு மாற்றிவிட்டு 1600-ஐ அப்படியே வைத்திருப்பவருக்கு 5600 மிகப் பொருத்தம். அதைவிடப் பெரிய கார்டு, கூடவே ஃபாக்டோரியோ, சிமுலேட்டர், 144 ஹெர்ட்ஸ் ஆசை எல்லாம் இருந்தால் எக்ஸ்3டி. 4கே டிவியில் விநாடிக்கு 60 ஃப்ரேமில் நிதானமாகக் கதை கேம் ஆடுகிறவர் எதையும் மாற்றாமல் இன்னும் சில காலம் இருக்கலாம். அவ்வளவு பெரிய படத்தில் சுமை கார்டின் மேல் விழுந்துவிடுகிறது.

எதை வாங்குவதற்கு முன்பும் ரேமைப் பார்த்துவிட வேண்டும். 2017-இல் ரேம் விலை கடுமையாக ஏறியிருந்த நேரம். 'இப்போதைக்கு ஒரு 8 ஜிபி போடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒற்றை ஸ்டிக்கோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஏராளம். அந்த அப்புறம் பலருக்கு வரவே இல்லை. ஒற்றை ஸ்டிக் என்றால் அண்ணாச்சி கடைக்கு இரண்டு பாதை இருந்தும் ஒன்றை அடைத்து வைத்தது போல. இரண்டு ஸ்டிக் இருந்தும் பயாஸில் எக்ஸ்எம்பி-யை இயக்காமல் விட்டிருந்தால், 3200 என்று பெட்டியில் எழுதியிருக்கும் ரேம் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கும். முதல் தலைமுறை ரைசன்கள் வேகமான ரேமைத் தாங்குவதில் தகராறு செய்தன என்பதும் உண்மை. நினைவகத்தை ஆளும் பகுதி ப்ராசஸருக்குள்தான் இருக்கிறது. அதனால் அதே போர்டில் 5600 ஏறியதும் அதே ரேம் சத்தமில்லாமல் 3200-இல் ஓடத் தொடங்குவதும் உண்டு.

இப்போது 7700கே வைத்திருப்பவருக்கு வருவோம். அவர் தவறேதும் செய்யவில்லை. அன்றைக்குக் கிடைத்த வேகமான பொருளைத்தான் வாங்கினார். ஆனால் அவருடைய போர்டில் வைக்க மேலே எதுவும் இல்லை. ப்ராசஸர்தான் எல்லை என்று அளந்து தெரிந்தால் போர்டும் சேர்ந்தே மாற வேண்டும். ஓர் ஆறுதல் இருக்கிறது: அவரிடம் இருப்பதும் டிடிஆர்4 ரேம்தான் என்றால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பி450, பி550 போர்டில் ஒரு 5600 வைத்து அதே ரேமைச் செருகலாம். இன்டெலிலேயே இருக்க விரும்பினால், 2022-இல் வந்த ஐ5-12400எஃப் ப்ராசஸருக்கு டிடிஆர்4 ஏற்கும் பி660 போர்டுகள் உண்டு. இது சின்ன விஷயமில்லை. 2025-இன் கடைசி மாதங்களில் ஏஐ சர்வர்களின் பசிக்கு நினைவகம் போய்ச் சேர்ந்ததால் ரேம் விலை மறுபடியும் எகிறியது. க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்று வந்ததை நிறுத்திக்கொள்வதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. டிடிஆர்5 மட்டுமே ஏற்கும், ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குத் தாவுகிறவர் போர்டுக்கும் ப்ராசஸருக்கும் மேலே ரேமுக்கென்று ஒரு பெரிய தொகையை எடுத்து வைக்க வேண்டிய காலம் இது. கையில் இருக்கும் டிடிஆர்4-ஐக் காப்பாற்றிக்கொள்வது அவ்வளவு முக்கியம்.

விண்டோஸும் இந்தக் கணக்கில் சேர்கிறது. விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர் பட்டியல் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டியில் ரைசன் 2000-இலிருந்தும் தொடங்குகிறது. 7700கே, 1600 இரண்டுக்குமே அதில் இடமில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் அதன்பின் ஓராண்டு. பி350 போர்டில் 5600 வைத்தவர் அன்றே விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்றுவிடுகிறார். கேமில் திக்கல் இல்லாதவருக்குக்கூட ப்ராசஸர் மாற்ற இது நியாயமான காரணம்தான்.

சென்னை ரிச்சி தெருவில் ப்ராசஸர் என்று வாயைத் திறந்தால் அனுபவமுள்ள கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன் கேட்பது வேறு.

"போர்டு என்ன போர்டு தம்பி?"

"பி350ண்ணா."

"பயாஸ் அப்டேட் பண்ணிட்டீங்களா? பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா வீட்டுக்குப் போய் டிஸ்ப்ளே வரலைன்னு நாளைக்கு வந்து நிப்பீங்க."

அப்படிக் கேட்கும் கடையில் வாங்கலாம். எக்ஸ்3டி வகைகள் புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டதால் செகண்ட் ஹேண்டில் தேட வேண்டியிருக்கும். ஏஎம்4 ப்ராசஸரின் அடியில் 1331 பின்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நாலு பக்கமும் வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பின் வளைந்திருந்தாலும் தெரிந்துவிடும். முடிந்தால் ஒரு போர்டில் மாட்டி, ப்ராசஸரின் விவரம் காட்டும் சிபியு-இசட் திறந்து காட்டச் சொல்லலாம். நேர்மையான விற்பனையாளர் மறுக்கமாட்டார்.

பயாஸ் வேலையைப் பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். புதியதை வைத்த பிறகு போர்டுக்கு அது இன்னதென்றே தெரியாது, திரை கறுப்பாகவே இருக்கும். மிகப் பழைய பதிப்பில் இருக்கும் பி350 போர்டுகள் சிலவற்றில் ஒரே தாவலாகக் கடைசிப் பதிப்புக்குப் போக முடியாது. நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் அடுத்தது. போர்டு நிறுவனத்தின் பக்கத்தில் அது எழுதியிருக்கும், வரிவரியாகப் படிக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்தே போகலாம். யுபிஎஸ் இல்லாத வீட்டில் மழை பெய்யும் இரவில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

கூலரைக் கழற்றுவதில் இன்னொரு ஆபத்து. ஏஎம்4 சாக்கெட்டின் லீவர் பின்களை மட்டும்தான் பிடித்திருக்கிறது. பல ஆண்டாகக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டோ பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். நேராக மேலே இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். இதைத் தவிர்க்க, கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கேமை ஓட்டி ப்ராசஸரைச் சூடாக்க வேண்டும். பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரின் பிடியைத் தளர்த்தி, இடமும் வலமுமாக மெதுவாகத் திருகினால் தானாக விடுபடும். 1600-உடன் வந்த ரெய்த் ஸ்பையர் கூலர் நல்ல நிலையில் இருந்தால் 5600-க்கும் அதுவே போதும். இரண்டும் 65 வாட் வகைதான். எக்ஸ்3டி சிப்புகளோடு கூலர் வருவதில்லை. மேலே அடுக்கிய கேஷ், சூடு வெளியேறும் வழியில் உட்கார்ந்திருப்பதால் அவற்றுக்கு நல்ல டவர் கூலர் வேண்டும், நம் ஊர் மே மாதத்தில் கட்டாயம் வேண்டும்.

டிஸ்க்குக்கு பிட்லாக்கர் பூட்டு போட்டிருப்பவர்கள் அதன் ரெகவரி கீயை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது அவசியம். புது ப்ராசஸரோடு முதல்முறை ஆன் செய்யும்போது, ப்ராசஸர் மாறிவிட்டது, அதற்குள் பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் எஃப்டிபிஎம்-ஐ அழித்துப் புதிதாக அமைக்கலாமா என்று பல போர்டுகள் கேட்கும். ஒய் அழுத்தினால் அமைத்துவிடும். டிஸ்க் பூட்டியிருந்தால் கீ இல்லாமல் திறக்காது. அந்தக் கேள்வி வருவதற்கு முன்னால் திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கும், ஃபேன் சுற்றி நின்று மறுபடி சுற்றும். ரேமைப் பழகிக்கொள்கிறது என்று பொருள். பதறிப்போய் பவரை அணைக்கக் கூடாது.

விண்டோஸ் திறந்ததும் முதல் வேலை எக்ஸ்எம்பி இயங்குகிறதா, ரேம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பார்ப்பது. அடுத்தது லோயர் சிட்டியில் சேமித்து வைத்த அதே இடம், அதே செட்டிங்ஸ், அதே தெரு. முன்பு எழுதி வைத்த எண்களோடு ஒப்பிட்டால் செலவழித்த பணம் எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரியும். கார்டின் பயன்பாடு இப்போது 90-ஐத் தாண்டியிருந்தால், கீழே இறக்கிய நிழலையும் புல்லையும் தண்ணீரையும் ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

கழற்றிய 1600-ஐ, 5600 வந்த பிளாஸ்டிக் கூட்டிலேயே பின்கள் படாமல் வைத்துவிடலாம். பி450 போர்டு ஒன்று குறைந்த விலையில் கிடைத்து, பழைய 1060 கார்டும் வீட்டில் சும்மா கிடந்தால், மாமா பையனுக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ ப்ளெண்டர் கற்றுக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர் தயார். அந்த ப்ராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால் கார்டு மட்டும் கட்டாயம் வேண்டும்.